பல் கூசினால் குளிரைத் திட்டாதீர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் தில்லியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையில் பட்டாலே விறைக்கும். ஆர்.கே. புரமோ மயூர் விஹாரோ, காலையில் வாய் கொப்பளித்ததும் சுரீரென்று பல் கூசினால், “இந்த ஊர்க் குளிர் அப்படி” என்று கெய்சரைப் போட்டுக்கொள்வதோடு பலருக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. முதல் தவறே அதுதான். குளிர் பல்லைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் தேய்ந்தாலோ ஈறு கீழிறங்கினாலோ அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கு வெளியே வந்துவிடும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். குளிர் பட்டதும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் நகர்ந்து, உள்ளே இருக்கும் நரம்பைச் சுண்டிவிடுகிறது. பல் கூச்சம் என்பது இவ்வளவுதான்.

ஆனால் எல்லாக் கூச்சமும் இந்த ரகம் இல்லை. குளிர் விலகியபின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். ஓரிரு விநாடியில் அடங்கினால் பெரும்பாலும் பயமில்லை. அரை நிமிஷம் கடந்தும் வலி நின்றால், சூடான டீக்கும் வலித்தால், ஒன்றுமே படாமல் இரவில் எழுப்பினால், பல்லுக்குள் இருக்கும் நரம்புத் திசு பெரும்பாலும் அழற்சி கண்டிருக்கும். அதற்குப் பேஸ்ட் போதாது. கெட்ட நரம்புத் திசுவை எடுத்துவிட்டு வேரை அடைக்கும் ரூட் கெனால் சிகிச்சை தேவைப்படலாம். ஒரே ஒரு பல் மட்டும் கூசினாலும் சொத்தை, விரிசல், முன்பு சொத்தையை அடைத்த ஃபில்லிங்கின் ஓரக் கசிவு எதையாவது சந்தேகிக்கவேண்டும்.

கூச்சப் பேஸ்ட் வாங்கி நாலு நாளில் “சுத்த மோசம்” என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் வேலை காட்டவே தினம் இரண்டு வேளையாக 2 முதல் 4 வாரம் ஆகும். தேய்த்ததும் நாலு தடவை கொப்பளித்து மருந்தையெல்லாம் கழுவிவிடாதீர்கள்; துப்பினால் போதும்.

அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்ற நினைப்பு நம்மை விட்டுப் போவதாயில்லை. கெட்டி பிரஷ்ஷால் பக்கவாட்டில் அறுப்பதுபோல் இழுத்தால் ஈறோரத்தில் பள்ளம் விழும். கரிப்பொடி, உப்புத்தூள் எல்லாமும் அரத்தின் வேலையைத்தான் செய்யும். வெண்மைக்கு ஆசைப்பட்டுக் கூச்சத்தை விலைக்கு வாங்குவது எனக்கு அபத்தமாகவே படுகிறது. புளிப்புக்கும் இதில் பங்குண்டு. கின்னோ ஆரஞ்சு ஜூஸ் குடித்த கையோடு, கோல்கப்பா (பானிபூரி) தின்ற வாயோடு பல் துலக்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமல் சீக்கிரம் தேயும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரமாவது பொறுங்கள்.

வலி முற்றியபின் செய்வதுதான் விபரீதம். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்தால் சதை வெந்து புண்ணாகும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும். பஞ்சு நிறைய நனைத்து அழுத்தினால் அதுவும் சுடும். தெருமுனை கெமிஸ்ட் கொடுக்கும் ஆன்டிபயாடிக், நரம்பு அழற்சியால் வரும் வலியைத் தீர்ப்பதில்லை. மழைக்குப் பிந்தைய டெங்கு மாதங்களில், காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளின் பக்கமே போகாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து. இன்னொன்று: பல நாள் படுத்திய பல் திடீரென்று அமைதியானால் குணமானதாக எண்ணிவிடக் கூடாது. நரம்பு செத்துப்போயிருக்கலாம். தொற்று வேரின் நுனியில் சத்தமில்லாமல் சீழ் கட்டும்.

தனியார் கிளினிக் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு, தில்லி கேட் அருகே அரசு நடத்தும் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் மட்டும் எந்த வரிசையும் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அப்போதே கிளம்புங்கள், நடு இரவானாலும்.