பைக் மீனுக்குச் செத்த இரை கோப்பது: வாலில் தொடங்குங்கள்

இங்கிலாந்தின் கிழக்கே ஃபென்ஸ் என்ற தாழ்நிலத்தில், நூல் பிடித்தாற்போல் வெட்டிய வடிகால் கால்வாய்கள் நெடுந்தூரம் ஓடுகின்றன. குளிர்காலத்தில் நான் பைக் மீன் பிடிக்கப் போவது அங்கேதான். பைக் பதுங்கிக் கிடந்து பாயும் வேட்டைமீன். ஆனாலும் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிட்டால், தரையில் கிடக்கும் செத்த மீனை மோப்பம் பிடித்து வந்து எடுத்துக்கொள்ளும்.

என் முதல் குளிர்காலத்தில் இரையைத் தலைப்பக்கமாகக் கோத்தேன். ஒரு பைக் தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிட்டது. அதை எடுத்து முடிப்பதற்குள் அந்த மீன் பட்ட வேதனையை நான் மறக்கவில்லை. இனி யாரும் அப்படிக் கோக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை: 12 அடித் தூண்டில் கோல், குறைந்தது 15 பவுண்டு தாங்கும் நரம்பு (தூண்டில் நூல்), 28 பவுண்டு தாங்கும் கம்பி, 6 அல்லது 8 ஆம் எண் மும்முனை முட்கள் இரண்டு, ஒரு சுழலி (நரம்பையும் கம்பியையும் முறுக்கேறாமல் இணைக்கும் சிறு வளையம்), ஒரு தக்கை, இரை கட்டும் ரப்பர் நூல். முள்ளை எடுக்க ஓர் அடி நீள இடுக்கியும், கம்பி வெட்டும் குறடும், மீனைக் கிடத்த மெத்தென்ற விரிப்பும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் கரைக்குப் போகாதீர்கள்.

முள்ளுக்கும் நரம்புக்கும் நடுவே கம்பி கட்டாயம். பைக்கின் பற்கள் சாதாரண நரம்பை நொடியில் அறுத்துவிடும். அறுந்தால் முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். கட்டி முடித்த பிறகு கம்பி அரை மீட்டருக்குக் குறையக் கூடாது. கடையில் கட்டி விற்பதை நான் வாங்குவதில்லை. பலவற்றில் இரண்டு முட்களுக்கும் இடைவெளி அதிகம். நானே முறுக்கிக்கொள்கிறேன்: கம்பியின் நுனியை முள்ளின் காதில் இருமுறை நுழைத்து, மிச்ச நுனியை இடுக்கியால் பிடித்து, ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றினால் போதும். ஒரு முள் கம்பியின் கடைசியில் இருக்கும். இன்னொன்று அதற்கு நான்கு விரற்கடை மேலே, அதாவது ஏழு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கம்பியின் மறுமுனையில் சுழலி.

இரை என்றால் எனக்குக் கானாங்கெளுத்திதான். தோல் உறுதியானது, எண்ணெயும் வாசமும் நிறைந்தது. முழு மீன் பெரிதாக இருந்தால் குறுக்கே சாய்வாக வெட்டி, வால் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியின் வாசம் இன்னும் நல்லது. ஆனால் சதை மெத்தென்று இருப்பதால் வீசும்போது முள்ளை விட்டுத் தெறித்துப் போகும். பாதி உறைந்த நிலையிலேயே அதை வீசிவிட வேண்டும்.

நான் தவறியது அடுத்த படியில். பைக் இரையைக் குறுக்காகக் கவ்வும், பிறகு வாய்க்குள்ளேயே திருப்பித் தலை முதலாக விழுங்கும். ஆகவே நரம்பு இரையின் வால் பக்கமிருந்து வெளிவர வேண்டும். தலைப்பக்கம் கட்டினால், மீன் இரையைத் திருப்பியதும் கம்பி மடங்கி முட்கள் முதலில் உள்ளே போகும்.

இரையை இடது கையில் தலை கீழாகப் பிடியுங்கள். வால் துடுப்பு தொடங்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்தால் கெட்டியாக ஒரு தண்டு தட்டுப்படும். மேல் முள்ளின் ஒரு முனையை அங்கே தோலுக்குள் மட்டும் செலுத்தாமல் அந்தத் தண்டின் வழியாகவே செலுத்துங்கள். வீசும்போது முழு எடையையும் தாங்குவது அந்த ஓர் இடம்தான். கீழ் முள்ளை விலாவில் ஒரு முனை மட்டும் மேலாகக் குத்தினால் போதும். மற்ற முனைகள் வெளியே நிற்க வேண்டும், அவைதான் பைக்கின் வாயில் ஏறும். இரண்டு முட்களுக்கும் நடுவே கம்பி தொய்யவும் கூடாது, இரையை வளைக்கும்படி இழுக்கவும் கூடாது. கடைசியாக வாலையும் மேல் முள்ளின் தண்டையும் சேர்த்து ரப்பர் நூலால் பத்துச் சுற்று சுற்றிவிடுங்கள். முடிச்சு தேவையில்லை, நூல் தானே இறுகிக்கொள்ளும்.

ஒரு முனையில் மட்டும் செதில்முள் (குத்திய முள் கழன்றுவிடாமல் தடுக்கும் பின்னோக்கிய சிறு கூர்) உள்ள மும்முனை முட்களை வாங்குங்கள். செதில் உள்ள முனை இரைக்கு, வழவழப்பான இரண்டும் மீனுக்கு. முள்ளைக் கழற்றும்போது இந்த வேறுபாடு உங்களுக்குப் புரியும்.

தக்கையைத் தண்ணீரின் ஆழத்தைவிட இரண்டடி கூடுதலாக வைத்தால் இரை தரையில் படிந்து கிடக்கும். தக்கை சாய்ந்தாலோ நகர்ந்தாலோ காத்திருக்காதீர்கள். நரம்பை இறுக்கமாகச் சுற்றிக் கோலை உடனே இழுங்கள். "நன்றாக விழுங்கட்டும்" என்ற பழைய யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். உடனே இழுத்தால் முள் பெரும்பாலும் வாயின் ஓரத்திலேயே நிற்கும். சில முறை மீன் தப்பிப் போகும், போகட்டும்.

பிற்சேர்க்கை: ரோச் என்ற நன்னீர் மீனை இரையாக வைத்தால் அது தரையில் கிடக்காமல் மிதந்து எழுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. விலாவில் ஊசியால் இரண்டு மூன்று இடங்களில் குத்தித் தண்ணீருக்குள் வைத்து மெல்ல அழுத்துங்கள். குமிழி வருவது நின்றதும் கோக்கலாம்.

இன்னொருவர் மார்ச் கடைசியில் ஆற்றுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பைக்குக்குத் தூண்டில் போடத் தடை இருக்கிறது. மற்ற நாட்களிலும் 13 வயது நிரம்பியவர்களுக்குத் தூண்டில் உரிமம் வேண்டும்.