ஒரு பக்கம் முடியும் வரை: எல்.பி. ரெக்கார்டைப் பக்கம் பக்கமாகக் கேட்பது எப்படி

அட்டாலியில் கிடந்த ரெக்கார்டுகளை இறக்கித் துடைத்து, பழுது பார்த்த பிளேயர் ஒன்றையும் தேடிப் பிடித்துவிட்டு, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் பலர், தெரிந்த பாட்டு எந்த வளையத்தில் இருக்கிறது என்று கண்ணால் தேடி, அங்கே முள்ளை இறக்கி, அது முடிந்ததும் தூக்கிவிடுகிறார்கள். முள்ளுக்கும் தட்டுக்கும் அது கேடு என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பாட்டு ஏன் அந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பது அப்படிக் கேட்பவருக்குத் தெரியாமலே போகிறது. எல்.பி. என்ற நீண்ட நேர ரெக்கார்டை ஆக்கியவர்கள் போட்டது பக்கக் கணக்கு. கேட்பவரும் அந்தக் கணக்கிலேயே கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது தெரிந்துகொண்டால் கேட்கும்போது உதவும். 1902-இல் கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் இசைத்தட்டுப் பதிவுகள் நடந்தபோது தட்டின் ஒரு முகத்தில் மட்டுமே பாட்டு இருந்தது. மறு முகம் வெறுமையாக இருந்தது. 1904-இல் ஜெர்மனியின் ஓடியன் நிறுவனம் இருபுறமும் பதித்த தட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் திருப்பிப் போடுவது என்ற பழக்கமே பிறந்தது. ஆயினும் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு முகத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் சில விநாடிகள் கூடுதலாக அடங்கும். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரல் மேடையைத் தாண்டி நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது இத்தகைய தட்டுகளில்தான். ஆலாபனையைச் சில விநாடிகளுக்குள் முடித்துக்கொண்டு உடனே பாட்டுக்குள் நுழையும் அந்தக் காலத்து வழக்கத்துக்கு, பாடியவர்களின் மனப்போக்கைவிடத் தட்டின் அகலமே பெரிய காரணம். மூன்று நிமிடத்தில் அடங்காத பாட்டை "முதல் பாகம்", "இரண்டாம் பாகம்" என்று இரண்டு முகங்களுக்குப் பிரித்துப் பதித்தார்கள். நெடிய இசையாக இருந்தால் பல தட்டுகளை உறைகளாகத் தைத்த புத்தகம் போன்ற ஒரு கட்டில் விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அந்தக் கட்டிலிருந்து வந்ததுதான்.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் பன்னிரண்டு அங்குல எல்.பி.யை வெளியிட்டதும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்று, ஏழு அங்குலச் சிறு தட்டைக் கொண்டுவந்தது. தமிழ்த் திரைப்பாட்டுகள் பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு பாட்டு என்று நம்மிடம் புழங்கிய இ.பி. அதே ஏழு அங்குல அளவுதான். எல்.பி. தந்த இருபது நிமிடத்தின் அருமை தெரிய வேண்டுமானால், 1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத்தை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும் அதை 78 சுற்றுத் தட்டில் பதித்திருந்தால் ஆறு முகங்களாவது தேவைப்பட்டிருக்கும். விடியற்காலையில் ஐந்து முறை எழுந்து திருப்பிப் போட்டுக்கொண்டு யாரும் சுவாமியை எழுப்பியிருக்க மாட்டார்கள்.

இந்த வேறுபாட்டை எனக்கு முதலில் சொன்னவர், கோபிப் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு ரேடியோ செட் போட வந்த பெரியவர். கொட்டகை ஓரத்தில் பிளேயரும் ஆம்ப்ளிபயரும் இருந்த மேசைக்குப் பக்கத்தில் நான் விடாமல் நின்றிருந்தேன். ஒரு தட்டை உறையிலிருந்து உருவிக்கொண்டே அவர், "சின்ன ரெக்காடுன்னா எந்திரிக்கவே வழியில்லை கண்ணு. பெரிய ரெக்காடு போட்டாத்தான் ஒரு டீத்தண்ணி குடிச்சுப்போட்டு வரலாம்" என்றார். அவர் டீக்கடைக்குப் போய்த் திரும்பவும் முள் கடைசி வளையத்துக்கு வந்து சேரவும் சரியாக இருக்கும். பக்கத்தின் நீளத்தைக் கடிகாரம் பார்க்காமல் உடம்பாலேயே அறிந்திருந்தவர் அவர்.

முதலில் செய்ய வேண்டியவை

பிளேயரை ஆடாத மேசையில் சமமட்டமாக வையுங்கள்; கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று இருந்தால் போதும். முள் தட்டின் மீது அழுத்தும் எடை இக்காலத்துக் காந்த வகைப் பிக்கப்புகளுக்கு (முள் பொருத்திய சிறு உறுப்புதான் பிக்கப்) பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை கிராம் வரை இருக்கும்; பழைய செராமிக் வகைக்கு அதைவிடக் கூடும். உங்கள் பிக்கப்புக்கு உரிய எடை எது என்று பார்த்து வையுங்கள். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு, ஏனெனில் எடை போதாத முள் பள்ளத்தில் பதியாமல் துள்ளி அதன் சுவர்களைக் கொத்திவிடும். 78 சுற்றுத் தட்டுகளின் பள்ளம் எல்.பி. பள்ளத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமானது, ஆகவே எல்.பி. முள்ளை அதில் இறக்காதீர்கள், அதற்கென்று தனி முள் உண்டு. காந்தப் பிக்கப்பை ஆம்ப்ளிபயரில் "போனோ" என்று குறித்த துளையில்தான் இணைக்க வேண்டும். தட்டில் பதிக்கும்போது அடித்தொனியைக் குறைத்தும் உச்சத்தொனியைக் கூட்டியும் பதிக்கிறார்கள், போனோ இணைப்பு அதைத் திரும்பச் சரிசெய்கிறது. வேறு துளையில் செருகினால் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும்.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று பொள்ளாச்சி முதல் தாராபுரம் வரை வீட்டுக்குள் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். அந்த நாட்களில் பிளேயரின் மூடியைத் திறந்து வைத்துக் கேட்காதீர்கள். பின்னலாடைக் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் திருப்பூர்க்காரர்களுக்கு ஆண்டு முழுவதும் பஞ்சுத் தூசி உண்டு, முள்ளின் நுனியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பு மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக எடுத்துவிட வேண்டும். தட்டைக் கழுவ போர்த் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கி, முள் படும்போதெல்லாம் சடசடக்கும். சிறுவாணித் தண்ணீர் குடிப்பதற்கு எவ்வளவு பேர்பெற்றதானாலும் இதற்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. 78 சுற்று அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் கலந்த எதையும் தொடவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். சித்திரை வெயிலில் காரின் பின்னிருக்கையில் விட்ட எல்.பி. அப்பளம்போல் நெளியும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேட்பதற்கு முன் பார்ப்பது

முள்ளை இறக்கும் முன் தட்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் சற்று அகன்ற, வழவழப்பான மெல்லிய வளையம் தெரியும். சில இடங்களில் வரிகள் நெருக்கமாகவும், சில இடங்களில் விரிந்தும் ஓடுவதைக் காணலாம். அடித்தொனி மிகுந்த, உரத்த இசை பள்ளத்தைப் பக்கவாட்டில் அலைய வைப்பதால் அதற்கு அகலமான இடம் வேண்டும். மெல்லிய இசைக்குக் கொஞ்சம் இடம் போதும். ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் திணிக்க வேண்டுமானால் ஒலியின் அளவைக் குறைத்தே வெட்ட முடியும். ஆகவே எட்டுப் பாட்டுப் போட்ட எல்.பி.யைவிட ஆறு பாட்டுப் போட்டது கம்பீரமாகக் கேட்டால், குறை உங்கள் பிளேயரில் இருப்பதாக எண்ண வேண்டாம்.

அடுத்து, இந்தக் கலையின் நடுப்புள்ளியான செய்தி. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகிறது. வெளி விளிம்பில் அந்த 1.8 விநாடி இசைக்கு ஏறக்குறைய 92 செ.மீ. நீளப் பள்ளம் கிடைக்கிறது. கடைசி வளையத்தில் அதே 1.8 விநாடிக்குக் கிடைப்பது 38 செ.மீ. மட்டுமே. இன்லாந்து கடிதம் எழுதியவர்களுக்கு இது எளிதில் புரியும்: முதல் மடிப்பில் தாராளமாகத் தொடங்கிய கையெழுத்து, ஒட்டுகிற ஓரத்துக்கு வந்து சேரும்போது எறும்பு ஊர்ந்ததுபோல ஆகிவிடும் அல்லவா? அதுபோலவே பக்கத்தின் இறுதியில் வரும் பாட்டில் "ச", "ஷ" ஒலிகள் சீறும், ஜால்ராவும் வயலினின் மேல்தந்தியும் சற்றே கரகரக்கும். இதை அறிந்தவர்கள் ஆரவாரமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும், கருவிகள் குறைந்த அமைதியான பாட்டைப் பக்கத்தின் முடிவிலும் வைக்க விரும்பினார்கள். அமைதியோடு ஒரு பக்கம் முடிவது கேட்பவர் மனத்துக்கும் பொருந்திப் போனது. பொறியின் குறையே இசையின் அழகாக ஆன இடங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

கேட்பதும் திருப்புவதும்

முதல் பக்கத்தை முதல் வரியிலிருந்து தொடங்கி, எழாமல், பேசாமல், முள் தானாக நடுவளையத்தைத் தொடும் வரை கேளுங்கள். பிறகு உடனே திருப்ப வேண்டாம். கடைசிப் பாட்டின் ராகம் காதில் அடங்குவதற்கு ஒரு நிமிடமாவது கொடுங்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, கையை ஈரமின்றித் துடைத்துக்கொண்டு, உள்ளங்கைகளை விளிம்பில் மட்டும் வைத்துத் தட்டைத் திருப்புங்கள். இரண்டு பக்கம் உள்ள ஒரு தட்டுக்கு இரண்டு தொடக்கங்களும் இரண்டு முடிவுகளும் உண்டு, இரண்டாம் தொடக்கத்தைத் துணிச்சலாகப் பயன்படுத்தியவர்கள் பலர். 1967-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் "சார்ஜென்ட் பெப்பர்" எல்.பி.யில், ஜார்ஜ் ஹாரிசன் தில்ருபா, தபலா, தம்புரா ஆகியவற்றோடு பாடிய ஐந்து நிமிடப் பாட்டு இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டாக இருக்கிறது. மற்ற பாட்டுகளோடு ஒட்டாத அதை முதல் பக்கத்தின் நடுவில் வைத்திருந்தால் இடறியிருக்கும். எழுந்து திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு அது வேறொரு வீட்டின் கதவு திறந்ததுபோல இருக்கும். அதே தட்டின் பிரிட்டன் பதிப்பில், முள் போய் நிற்கும் கடைசி வளையத்திலும் ஒலியைப் பதித்திருந்தார்கள். ஆகவே தானாக நிற்காத பிளேயரில், யாராவது எழுந்து தூக்கும் வரை அது ஓயாது. 1966-இல் பாப் டிலன் தம் இரட்டைத் தட்டு ஆல்பத்தின் நான்காம் பக்கம் முழுவதையும் பதினொரு நிமிடப் பாட்டு ஒன்றுக்கே கொடுத்தார். மீதி இடம் வீண்தானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரட்டைத் தட்டு என்றதும் என் அசட்டுத்தனம் ஒன்று நினைவுக்கு வருகிறது. உக்கடத்துப் பழைய பொருள் கடை ஒன்றில் இரண்டு தட்டு கொண்ட ஒரு தொகுப்பை வாங்கி வந்து பார்த்தால், முதல் தட்டில் ஒன்றாம் பக்கத்துக்குப் பின்னால் நான்காம் பக்கம் இருந்தது. இரண்டாம் தட்டில் இரண்டும் மூன்றும். லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய், "ஏனுங்க, இப்படிக் குளறுபடியான சரக்கைக் குடுத்துட்டீங்களே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழும் சேஞ்சர் பிளேயர் ஒன்றைக் காட்டினார். அதில் முதல் தட்டும் இரண்டாம் தட்டும் அடுத்தடுத்து விழுந்து ஒன்றும் இரண்டும் பாடும். பிறகு அடுக்கை அப்படியே கவிழ்த்து வைத்தால் மூன்றும் நான்கும் வரும். உங்கள் தொகுப்பிலும் எண்கள் இப்படி இருந்தால் கோளாறு ஒன்றும் இல்லை. சாதாரண பிளேயரில் தட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கணினியில் ஏற்றுவோருக்கு

தட்டைக் கணினியில் பதிந்துகொள்பவர்கள் ஒரு பக்கத்தை ஒரே கோப்பாகப் பதியுங்கள். நான் முதலில் ஏற்றிய நாற்பது தட்டுகளைப் பாட்டுப் பாட்டாக நறுக்கி, இடைவெளிகளைத் துடைத்து, அகர வரிசையில் அடுக்கிவிட்டேன். தட்டுகள் சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்த பிறகு, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்தது, எது பக்கத்தின் முடிவு என்பதை அறிய எனக்கு வழியில்லாமல் போயிற்று. கோப்பின் பெயரில் பக்க எண்ணைச் சேருங்கள்; லேபிளையும், அதைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எழுத்துகளையும் படம் எடுத்து உடன் வையுங்கள். போனிலோ குறுந்தட்டிலோ பழைய எல்.பி. ஒன்றைக் கேட்பவர்கள், உறையின் படத்தைப் பார்த்து முதல் பக்கம் எங்கே முடிகிறது என்று கண்டு, இரண்டு பட்டியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியல் முடிந்ததும் இரண்டாவது தானாகத் தொடங்காதபடி அமைத்துவிடுங்கள், எழுந்து போய்த் தொட்டால்தான் அது பாட வேண்டும்.