நிர்வாகசபைத் தெரிவு நவம்பரில், அலுவல் ஓகஸ்ட்டில்: மெல்பேர்ண் சமூக வானொலிக்காரருக்கு ஒரு வழிகாட்டி

மெல்பேர்ணில் ஏதாவது ஒரு சமூக வானொலியில் தமிழ் நிகழ்ச்சி செய்கிறீர்கள் என்றால், ஒக்டோபர் கடைசியில் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். வருடாந்தப் பொதுக்கூட்டம், நிர்வாகசபைத் தெரிவு, இணைப்பில் நான்கு பிடிஎஃப். அதைத் திறக்காமலே விடுவீர்கள். பிறகு மார்ச்சில் நிகழ்ச்சி அட்டவணை மாறி, ஞாயிறு பகல் இருந்த உங்கள் ஒரு மணித்தியாலம் செவ்வாய் இரவு பதினொரு மணிக்குப் போனதும், "இதை யார் தீர்மானித்தது?" என்று வாட்ஸ்அப் குழுவில் பெரிய சத்தம் எழும். தீர்மானித்தது நிர்வாகசபை, அல்லது அது நியமித்த நிகழ்ச்சிக் குழு. அந்தச் சபையைத் தெரிவு செய்தது நீங்கள் போகாத கூட்டம்.

எஸ்பிஎஸ் தமிழில் இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அங்கே உங்களுக்கு வாக்கே இல்லை. அது அரச நிதியில் நடக்கும் பொது ஒலிபரப்பு, அதன் சபை உறுப்பினர்களை நியமிப்பவர் ஆளுநர் நாயகம். சமூக வானொலி வேறு வகை. 1992ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சேவைகள் சட்டப்படி அது இலாபத்துக்காக நடத்தப்படக்கூடாது, நிலையத்தை நடத்துவதிலும் நிகழ்ச்சிகளைத் தெரிவதிலும் சமூகத்து ஆக்கள் பங்கெடுக்க இடம் கொடுக்க வேண்டும். அது உரிம நிபந்தனை, நிலையக்காரர் பெருந்தன்மையாகக் கொடுக்கும் சலுகை இல்லை. ஆகவே கூட்டத்துக்குப் போவதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, எங்கே தொடங்குவது? நிலையத்தின் சட்ட உருவம் என்ன என்று முதலில் கேளுங்கள். விக்ரோரியாவில் பல நிலையங்கள் 2012ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்கள். சில, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனிகள், அதாவது பங்குகள் இல்லாமல் அங்கத்தவரின் உத்தரவாதத்தில் நடப்பவை. கூட்டுறவுச் சங்கமாக இருப்பவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. இங்கே நான் எழுதுவது பதிவான சங்கத்தைப் பற்றி, அதுவும் மாதிரி யாப்பை, அதாவது சங்கங்களுக்கென்று அரசு எழுதி வைத்திருக்கும் பொது விதிக்கோவையைப் பின்பற்றும் சங்கத்தைப் பற்றி. உங்கள் நிலையம் தனக்கென்று யாப்பு எழுதி வைத்திருந்தால் அதில் உள்ளதுதான் செல்லும். அதனால் ஓகஸ்ட்டிலேயே செயலாளருக்கு ஒரு வரி எழுதி யாப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அங்கத்தவர் கேட்டால் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. வாங்கிய பிறகு தயவு செய்து வடிவாக வாசியுங்கள். முழுவதையும் வாசிக்கப் பொறுமை இல்லை என்றால் அங்கத்துவம், பொதுக்கூட்டம், சபைத் தெரிவு என்ற மூன்று பகுதிகளையாவது வாசியுங்கள்.

ஏன் ஓகஸ்ட்? கணக்காண்டு ஜூன் 30இல் முடிகிற சங்கம், முடிந்து 5 மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள் பொதுக்கூட்டத்தை நடத்த வேண்டும். கணக்கு முடித்து, கணக்காய்வாளர் பார்த்து, அறிக்கை அச்சடித்து வர ஒக்டோபர் ஆகிவிடும், ஆகவே எல்லாரும் நவம்பரில் போய் விழுவார்கள். அறிவித்தல் குறைந்தது 14 நாளுக்கு முன்னர் வர வேண்டும் என்கிறது மாதிரி யாப்பு; யாப்பை மாற்றுவது போன்ற விசேட தீர்மானம் இருந்தால் 21 நாள். அறிவித்தல் கைக்குக் கிடைத்த பிறகு ஓடத் தொடங்கினால் அங்கத்துவ அலுவலை முடிக்க நேரம் இருக்காது.

எங்கள் குழுக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த அங்கத்துவத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிகழ்ச்சி செய்பவர் எல்லாம் அங்கத்தவர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இல்லை. பன்னிரண்டு வருடமாக மைக்குக்கு முன்னால் இருந்தாலும் இந்த வருடச் சந்தா கட்டவில்லை என்றால் மாதிரி யாப்பின்படி வாக்குரிமை உட்பட உங்கள் உரிமைகள் கட்டும் வரைக்கும் நிறுத்தப்பட்டிருக்கும். அன்று பின்னேரம் வாசலில் கட்டினால் போதும் என்று புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும் சரிவராது: புதிதாகச் சேர்பவர் சேர்ந்து 10 வேலைநாள் கடந்த பிறகுதான் வாக்களிக்கலாம். சேர்வது என்பது படிவம் கொடுத்த நாளோ காசு அனுப்பிய நாளோ இல்லை, விண்ணப்பத்தைச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும். சபை மாதம் ஒருமுறை கூடினால், செப்டெம்பர் கூட்டத்துக்கு உங்கள் படிவங்கள் போய்ச் சேர வேண்டும். ஒக்டோபர் கூட்டத்தை நம்பினால், அது தள்ளிப்போனால் எல்லாம் போச்சு. குடும்ப அங்கத்துவம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வாக்கா இரண்டா என்பதையும் யாப்பில் பாருங்கள், ஏனென்றால் கணவனும் மனைவியுமாக வந்து ஒருவருக்கு மட்டும் வாக்குச்சீட்டு கிடைத்தால் அந்த இடத்தில் விவாதம் செய்து பயன் இல்லை.

அடுத்தது பெயர். அங்கத்தவர் பதிவேட்டைப் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு, போய்ப் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, முதலெழுத்து மட்டுமா என்று எங்கள் ஆக்களின் பெயர் ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பத்மநாதன் என்ற பெயரை ஒருவர் ரீ, எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் வெறும் டீ போடுவார். வாசலில் பட்டியலை வைத்துக்கொண்டு இருக்கும் தொண்டர் பி வரிசையில் தேடிவிட்டு "இல்லையே" என்பார், நீங்கள் தகப்பன் பெயரின் கீழ் எஸ் வரிசையில் இருப்பீர்கள். பிழை இருந்தால் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் திருத்தக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: பதிவேட்டில் பார்த்த விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் சங்க அலுவலுக்கு அப்பால் பயன்படுத்தக்கூடாது. அதைப் பிரதியெடுத்து உங்கள் கலைவிழா ரிக்கற் விற்கப் போனால் சட்டப்பிரச்சினை வரும்.

இனி யாரை நிறுத்துவது. நல்ல குரல் உள்ள அறிவிப்பாளரை நிறுத்துவதுதான் வழக்கம், என் கருத்தில் அது வீண். சபைக்குத் தேவை கணக்கறிக்கை வாசிக்கத் தெரிந்தவர், மானிய விண்ணப்பம் எழுதக்கூடியவர், ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலக் கூட்டத்தில் குறுக்கே பேசாமல் தன் முறை வரும்வரை இருந்து பேசக்கூடியவர். மாதம் ஒரு இரவு மட்டும் இல்லை, இடையில் உபகுழுக்கள், மின்னஞ்சல்கள் எல்லாம் வரும். முக்கியமாக, தெரிவானவர் தமிழ்க் குழுவின் பிரதிநிதியாக அங்கே இருக்க முடியாது. சபையில் இருப்பவர் முழுச் சங்கத்தின் நன்மைக்காகத்தான் முடிவெடுக்க வேண்டும், தன் நிகழ்ச்சியின் நேரம் பற்றிய பேச்சு வந்தால் நலமுரண்பாட்டைச் சொல்ல வேண்டும். "எங்கட நேரத்தைக் காப்பாற்றத்தான் உன்னை அனுப்பினோம்" என்று பின்னால் அவரை நெருக்காதீர்கள். சபைக்குள் ஒருவர் இருப்பதன் பலன் வேறு: முடிவு வருமுன் அதைப் பற்றித் தெரிந்த ஒருவர், குழுக்களிடம் முதலில் கேட்டீர்களா என்று கேட்கக்கூடிய ஒருவர்.

தமிழ்க் குழுவின் வாக்கு மட்டும் எங்கேயும் போதாது. கிரேக்க, வியட்நாமிய, அரபுக் குழுக்கள், ஆங்கில இசை நிகழ்ச்சிக்காரர் எல்லாரும் வாக்காளர்கள். உங்களுக்கு முந்திய மணித்தியாலத்தில் ஒலிபரப்பும் குழுவுடன், ஸ்டூடியோ மாறும் அந்த இரண்டு நிமிடத்தில் வணக்கம் சொல்லிப் பழகியிருந்தால் அதுவே பாதிப் பிரச்சாரம். இல்லை என்றால் செப்டெம்பரில் தொடங்குங்கள், பலகாரத்தோடு தொடங்கினால் இன்னும் நல்லது.

மாதிரி யாப்பின்படி கூட்டத்திலேயே, ஒவ்வொரு பதவிக்கும் தெரிவு நடக்கமுன், கூட்டத்தை நடத்தும் தலைவர் போட்டியிடுபவர்களின் பெயர்களைக் கேட்பார். தன்னைத் தானே முன்மொழியலாம், இன்னொருவர் முன்மொழிவதானால் உங்கள் சம்மதம் வேண்டும். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒவ்வொன்றாகப் போகும், கடைசியில் சாதாரண உறுப்பினர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் கேட்பதால், பொருளாளர் பதவியில் தோற்றவர் சாதாரண உறுப்பினருக்கு மறுபடி நிற்கலாம், அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் பல நிலையங்கள் தங்கள் யாப்பில் வேட்புமனுவை எழுத்தில், இரண்டு அங்கத்தவர் கையெழுத்தோடு, கூட்டத்துக்கு இத்தனை நாளுக்கு முன் என்று கேட்கின்றன. அந்தத் திகதி அறிவித்தலின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

வர முடியாதவர்களுக்குப் பதிலாள் படிவம் இருக்கிறது. பதிலாள் இன்னொரு அங்கத்தவராக இருக்க வேண்டும், மகனையோ மச்சானையோ எழுதினால் செல்லாது. எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் கூட்டம் தொடங்க 24 மணித்தியாலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும், கையில் கொண்டுபோனால் தொடங்கமுன் தலைவரிடம் கொடுக்க வேண்டும். பத்துப் படிவத்தை ஒருவரே கொண்டுவந்து நீட்டுவதைச் சில யாப்புகள் தடுத்திருக்கின்றன. தடுக்காத இடத்திலும் அது மற்றக் குழுக்களுக்கு எரிச்சலூட்டும். ஆக்கள் நேரில் வருவதுதான் மரியாதை.

கூட்ட இரவு. ஏழு மணி என்றால் ஆறரைக்குப் போங்கள், எங்கள் கலியாண வீட்டு நேரம் இங்கே எடுபடாது. நிறைவெண், அதாவது கூட்டத்தை நடத்தக் குறைந்தது வர வேண்டிய ஆக்களின் தொகை, பொதுவாக வாக்குரிமை உள்ள அங்கத்தவரில் 10 சதவீதம். அரை மணித்தியாலத்துக்குள் அத்தனை பேர் சேராவிட்டால் 21 நாளுக்குள் வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். அந்த இரண்டாவது கூட்டத்திலும் சேராவிட்டால், குறைந்தது 3 பேர் இருந்தாலே நடத்திவிடலாம். ஆக, சனம் வரவில்லை, இனித் தெரிவு நடக்காது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

முதலில் போன வருடக் கூட்டறிக்கை, பிறகு ஆண்டறிக்கை, கணக்கு. கணக்கு வரும்போது எல்லாரும் வெளியே தேத்தண்ணி ஊற்றப் போவார்கள், நீங்கள் இருங்கள். சமூக வானொலியில் அனுசரணை அறிவிப்பு மணித்தியாலத்துக்கு 5 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, ஆகவே விளம்பரத்தால் நிலையம் பிழைக்க முடியாது. சந்தா, மானியம், வானொலியிலேயே நேயர்களிடம் நிதி சேர்க்கும் நாட்கள், ஒலிபரப்புக் கட்டணம், இவைதான் வருமானம். மானியம் போன வருடத்தைவிடக் குறைந்திருந்தால் அந்த ஓட்டையை எதால் அடைத்தார்கள் என்று பாருங்கள். மொழிக்குழுக்களின் கட்டணத்தை உயர்த்தி அடைத்திருக்கலாம், சேமிப்பில் கைவைத்திருக்கலாம். கேள்வியை எழுதிக்கொண்டு போய், பக்க இலக்கம் சொல்லி, ஒரே மூச்சில் கேளுங்கள். நீண்ட முன்னுரையோடு தொடங்கினால் தலைவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். வருடச் சந்தாவைத் தீர்மானிப்பதும் இந்தக் கூட்டத்தில்தான் என்பதை மறக்க வேண்டாம். அறிவித்தலில் இல்லாத புது விடயத்தைத் திடீரென்று எழுப்பித் தீர்மானம் போட முடியாது. உங்களுக்கு ஒரு விடயம் வேண்டும் என்றால் அறிவித்தல் போகமுன் செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இடங்களுக்கு மேல் ஆக்கள் நின்றால் இரகசிய வாக்கெடுப்பு. நடத்துபவராகத் தலைவர் ஒருவரை நியமிப்பார், அவர் போட்டியிடுபவராக இருக்கக்கூடாது. போட்டியிடுவோருக்குச் சிறிய பேச்சு உண்டு. இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள்: என்ன தொழில், நிலையத்துக்கு இதுவரை என்ன செய்தீர்கள், சபையில் என்ன வேலையை எடுப்பீர்கள். பிறகு உங்கள் பெயரைச் சொல்லுங்கள், ஏனென்றால் மாதிரி யாப்பின்படி வாக்குச்சீட்டு வெறும் தாள், அதில் வாக்காளர் தன் கையால் பெயர் எழுத வேண்டும். பதின்மூன்று எழுத்துப் பெயரை ஒரு இத்தாலியப் பெரியவர் எப்படி எழுதுவார் என்று யோசியுங்கள். எல்லாரும் கூப்பிடும் சுருக்கப் பெயரைச் சொல்லி, அதை வெண்பலகையில் பெரிதாக எழுதிவிடும்படி தெரிவை நடத்துபவரிடம் கேளுங்கள். நான்கு இடத்துக்கு ஐந்து பெயர் எழுதிய சீட்டு எண்ணப்படாது, எங்கள் ஆக்களுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். சில நிலையங்கள் அச்சிட்ட சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு கேட்கும், அங்கே புள்ளடி போட்டால் சிக்கல். இருவருக்குச் சமமான வாக்கு வந்தால் அந்த இடத்துக்கு மறுபடி வாக்கெடுப்பு, அல்லது இருவரும் சம்மதித்தால் குலுக்கல்.

ஏதாவது பிழை நடந்தது என்று பட்டால் அந்த இடத்திலேயே எழும்பி, உங்கள் ஆட்சேபத்தைக் கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள், சண்டை பிடிக்க வேண்டாம். யாப்பில் பிணக்குத் தீர்க்கும் நடைமுறை ஒன்று இருந்தே ஆக வேண்டும், மறுநாள் அதன்படி எழுத்தில் போடுங்கள். முகநூலில் எழுதுவது அந்த நடைமுறையில் சேராது.

கூட்டம் முடிந்ததும் செயலாளருக்கு வேலை இருக்கிறது: புதிய செயலாளர் என்றால் 14 நாளுக்குள், சங்கங்களின் பதிவைப் பார்க்கும் விக்ரோரிய நுகர்வோர் விவகாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், ஆண்டு அறிக்கையை ஒரு மாதத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும். உங்கள் ஆள் வென்றிருந்தால் முதல் சபைக் கூட்டத்துக்கு முன் கடந்த ஆறு மாதச் சபைக் குறிப்புகளையும் உரிமம் எப்போது புதுப்பிக்க வருகிறது என்பதையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தோற்றிருந்தால், இடையில் யாராவது விலகினால் அந்த வெற்றிடத்துக்குச் சபையே ஒருவரை நியமிக்கலாம் என்பதை நினைவில் வைத்து, அவருடைய விபரத்தை ஒரு பக்கத்தில் எழுதி அந்த வாரமே செயலாளருக்கு அனுப்பி வையுங்கள். பெப்ரவரிக்குள் ஒருவராவது விலகத்தான் செய்வார்.