தெருப்பூனைக்கு வீடு தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

காப்பகத்தில் கூண்டுகள் நிரம்பிக் கிடக்கும்போது, "நான் ஒரு பூனை எடுத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் போதும், மனசு உடனே இளகிவிடும். ஒரு கூண்டு காலியானால் வெளியே காத்திருக்கும் அடுத்த குட்டியை உள்ளே எடுக்கலாமே என்ற நினைப்பு. கொடுத்த பூனை ஒரு மாதத்தில் திரும்பி வருவதும், சொல்லாமல் கொள்ளாமல் தெருவில் விடப்படுவதும் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் ஆரம்பிக்கின்றன. வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து வருடம்கூட வாழும். அத்தனை வருடத்துக்கும் சேர்த்து யோசித்துத்தான் வீடு பார்க்க வேண்டும்.

பூனையைத் தெரிந்துகொள்ளாமலே போஸ்ட் போட்டுவிடுவது முதல் தவறு. கூண்டின் பின்மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு "ரொம்ப அமைதியான பூனை" என்று எழுதிவிடுகிறோம். பக்கத்தில் நாய்கள் குரைத்துக்கொண்டே இருந்தால் எந்தப் பூனையும் அப்படித்தான் கிடக்கும். சத்தமில்லாத அறைக்கு மாற்றி, அரை மணி நேரம் நீங்களும் தரையில் உட்கார்ந்து பாருங்கள். விரலை அதன் மூக்குக்கு முன்னால் மெதுவாக நீட்டுங்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால் அது மனிதரோடு பழகிய பூனை. ஏதோ ஒரு வீட்டில் வளர்ந்து, பிறகு கைவிடப்பட்டதாகக்கூட இருக்கலாம். காதை மடக்கிச் சீறினால் உடனே முடிவு கட்ட வேண்டாம், நாலைந்து நாள் கழித்துத் திரும்பவும் பாருங்கள்.

பிறந்த 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரைக்குமான காலத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை, பெரிதான பிறகு வீட்டோடு ஒட்டுவது மிகக் கஷ்டம். அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, சாப்பாடு வைக்க ஆள் இருக்கும் அதே தெருவிலேயே விடுவதுதான் நல்லது. அதை ஃபிளாட்டுக்குள் அடைத்து வைத்தால் பூனைக்கும் நிம்மதி இல்லை, வீட்டாருக்கும் இல்லை.

அடுத்தது, பரிதாபத்தைக் கிளப்பும் அறிவிப்பு. "இன்றைக்கே யாராவது எடுக்காவிட்டால் இது செத்துவிடும்" என்று எழுதினால் போன் நிறைய வரும். இரக்கத்தில் எடுத்தவர்களின் இரக்கம், சோபாவில் முதல் கீறல் விழுந்ததும் வற்றிவிடுகிறது. குறைகளையும் சேர்த்தே எழுதுங்கள். "தூக்கினால் பிடிக்காது, மடியில் தானாக வந்து உட்காரும். வேறு பூனையோடு சேராது." இப்படிப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறவர் பத்தில் ஒருவராக இருந்தாலும், பேச வேண்டியவர் அவர்தான். கருப்புப் பூனை என்றால் கருப்பு என்றே போடுங்கள். சகுனம் பார்க்கும் வீட்டுக்கு அது தெரியாமல் போய்ச் சேருவதில் யாருக்கும் லாபமில்லை.

போனில் பேசும் ஒருவரின் ஆசையை மட்டும் நம்புவதும் தவறு. ஆசைப்படுவது கல்லூரி போகும் பெண்ணாக இருக்கும். பகல் முழுக்கப் பூனையோடு வீட்டில் இருக்கப்போவது அவளுடைய பாட்டி. அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமல் பூனையைக் கொடுக்காதீர்கள். "எனக்கு இஷ்டமில்லைதான், பேத்திக்காகச் சரின்னேன்" என்று அவர் சொன்னால், அந்த வீடு இப்போதைக்கு வேண்டாம். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பது சம்மதம் ஆகாது.

புதிதாகக் கல்யாணமானவர்களிடம் இன்னொன்றையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. குழந்தை உண்டானதும் "பூனையால் ஆபத்து" என்று பெரியவர்கள் பயமுறுத்த, நன்றாக இருந்த பூனை வெளியேற்றப்படுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது பூனையின் மலத்தில் வரலாம். ஆனால் வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். பூனை மலம் கழிக்கும் மண் பெட்டியை, அதாவது லிட்டர் பாக்ஸை, தினமும், கர்ப்பிணி அல்லாத ஒருவர் சுத்தம் செய்தாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும் அது வரும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்தச் சமயத்தில் வீட்டார் தடுமாற மாட்டார்கள்.

சாப்பாட்டுப் பேச்சைச் சங்கடப்பட்டுக்கொண்டு தவிர்க்கிறோம். சைவம் சாப்பிடும் வீட்டுக்குப் பூனை கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தயிர் சாதத்திலும் பாலிலும் பூனை வளர்ந்துவிடும் என்று நம்பும் வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்கும். அதன் உடம்பு தானாக அதைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. நாள்பட இல்லாமல் போனால் கண் பார்வை போகும், இதயத் தசை பலவீனமாகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். மீன், கோழி சமைக்க முடியாத வீடு என்றால், பூனைக்கென்றே விற்கும் தீவனத்தை மாதாமாதம் வாங்கித் தர அவர்கள் தயாரா? அந்தப் பையைச் சமையலறையில் வைக்க அனுமதி உண்டா? இந்த இரண்டு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்லும் சைவக் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பூனைகள் நன்றாகவே வளர்கின்றன.

வீட்டை நேரில் பார்க்காமல் கொடுப்பதுதான் எனக்கு மிகவும் பயமூட்டும் தவறு. வீடியோ காலில் ஹாலையும் சோபாவையும் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இடங்கள். பால்கனியில் புறாவுக்குக் கட்டிய நைலான் வலை இருக்கும். அதன் கீழ் ஓரம் தளர்ந்திருக்கிறதா என்று கையை விட்டு இழுத்துப் பாருங்கள். பல்லால் கடித்து ஓட்டை போடும் பூனைகள் உண்டு என்பதால் கம்பி வலைதான் நம்பகமானது. அப்புறம் பாத்ரூம் வென்டிலேட்டர். சாய்வாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகளில் ஒன்று உடைந்திருந்தால் அந்த இடைவெளியில் ஒரு குட்டி சுலபமாக வெளியே போய்விடும். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு விட்ட துளை, வாஷிங் மெஷின் வைக்கும் இடத்தின் திறந்த கிரில், இவையெல்லாம் வீட்டாரின் கண்ணுக்கே படாது. பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்ற நம்பிக்கை வேறு இருக்கிறது. காலூன்றித்தான் விழும், தாடையும் முன்னங்காலும் உடைந்து, நுரையீரலில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வரும். வலை அடிக்கும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். காத்திருக்க மனமில்லாதவர் பூனை வந்த பிறகு வலை அடிக்கப்போவதில்லை.

அந்த வீட்டில் நாய் இருந்தால், பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனைக்கு விஷம் என்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலும் அப்படித்தான். ஒரு மாத்திரை போதும் பூனையைக் கொல்ல.

குட்டியின் அழகு போய்விடும் முன் கொடுத்துவிடலாம் என்று 4, 5 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். குறைந்தது 8 வாரம் தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கட்டும். கடித்தால் வலிக்கும் என்று அங்கேதான் கற்றுக்கொள்ளும். முடிந்தால் இரண்டு குட்டிகளைச் சேர்த்துக் கொடுங்கள், ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கும். முதல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எடுக்கும் வீட்டில் சமீபத்தில் பூனை ஏதாவது வாந்தி, பேதியில் இறந்ததா என்றும் கேளுங்கள். அப்படிக் கொல்லும் பேன்லூகோபீனியா வைரஸ் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, அந்த வீட்டில் தங்கியிருக்கும். ஊசி முழுதாகப் போடாத குட்டியை அங்கே அனுப்பினால் அதுவும் போய்விடும்.

"கருத்தடை ஆபரேஷனை நாங்களே பண்ணிக்கறோம்" என்ற வாக்கு பெரும்பாலும் நல்ல மனசோடுதான் வரும், ஆனால் தள்ளிப்போய்விடும். பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சினையானால் சுமார் இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். வயது வந்த பூனையை ஆபரேஷன் முடித்தே கொடுங்கள். சின்னக் குட்டி என்றால் எந்த மாதம், எந்த டாக்டரிடம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்த மாதம் நீங்களே போன் செய்யுங்கள்.

கொடுக்கும் நாளில் அட்டைப் பெட்டியிலோ துணிப் பையிலோ போட்டு பைக்கில் அனுப்பாதீர்கள். சிக்னலில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் பூனை கிழித்துக்கொண்டு பாய்ந்துவிடும், அப்புறம் கிடைக்காது. பூட்டு உள்ள கேரியர் கூடை வேண்டும். கூடவே அது படுத்த துணி ஒன்றும், பயன்படுத்திய லிட்டர் மண்ணில் ஒரு கைப்பிடியும் கொடுத்தனுப்புங்கள். முதல் சில நாள் ஒரே அறையில் வைக்கச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும், ராத்திரியில்தான் சாப்பிடும், இது சகஜம் என்று முன்னாடியே சொல்லுங்கள். ஆனால் முழுதாக ஒரு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். பூனைக்குப் பட்டினி ஈரலைப் பாதிக்கும்.

இவ்வளவு பார்த்தும் சில வீடுகள் ஒத்துவராமல் போகும். அந்த நேரத்தில் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பது நாம் முதலில் அவர்களிடம் எப்படிப் பேசினோம் என்பதைப் பொறுத்தது. "திருப்பித் தரவே கூடாது" என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கினால், நமக்குப் போன் செய்யக் கூச்சப்பட்டு, "அங்கே சாப்பாடு கிடைக்கும்" என்று மீன் மார்க்கெட்டில் விட்டுவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் புதுப் பூனையை ஒரு மீன் தலையைக்கூட நெருங்க விடாது. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதைத் தெரியப்படுத்துங்கள். அதோடு, எந்த மாதமானாலும் பூனை எங்களிடமே திரும்பி வர வேண்டும், காரணம் கேட்டுத் திட்ட மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர்கள் கூப்பிடும் நாளில் கூண்டில் இடமில்லை என்றாலும், போய்ப் பூனையைக் கூட்டி வந்துவிடுங்கள்.