கொடைக்கானலில் வீடு எடுக்கும் முன் படிக்கட்டை எண்ணச் சொல்லுங்கள்

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். அத்தை, மாமா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், நாத்தனார், அவர் கணவர், அவர்களுடைய கைக்குழந்தை. ஓட்டலில் தங்கினால் நான்கு ரூம் எடுக்க வேண்டும், குழந்தைக்குக் கஞ்சி வைக்கக்கூட ரூம் சர்வீஸுக்குப் போன் போட வேண்டும். அதனால் மதுரையிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் கொடைக்கானலுக்குக் கிளம்பும்போது தனி வீடாகத்தான் எடுக்கிறோம்.

முதல் தடவை வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். போட்டோவில் கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே பள்ளத்தாக்கு, பனி. உடனே அட்வான்ஸ் போட்டுவிட்டேன். போய் இறங்கினால் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. கைப்பிடி இல்லாமல் நாற்பத்தேழு படி, அதுவும் மழையில் பாசி பிடித்த படி. மூட்டுவலிக்கார அத்தை பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். எப்படியோ கீழே கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூன்று நாளும் அவர் மேலே ஏறவே இல்லை. "ஏம்மா, என்னைக் கிணத்துக்குள்ள இறக்கி விட்டுட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து வீடு பார்க்கும்போது அத்தையின் முழங்காலையும் குழந்தையின் தொட்டிலையும் நினைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்கிறேன். மற்ற ஏழு பேரும் எங்கே விட்டாலும் தூங்கிவிடுவார்கள்.

படிக்கட்டு இருக்கிறதா என்று கேட்டால் போதாது. எண்ணிச் சொல்லச் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு கேர்டேக்கரிடம் கேட்டேன்: "ரோட்டுல இருந்து வாசலுக்கு எத்தனை படிண்ணே?" "கொஞ்சம்தான் மேடம்." "நான் லைன்லயே இருக்கேன், இறங்கிக்கிட்டே எண்ணுங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "முப்பத்தி நாலு மேடம்." அவர் மேல் தப்பு இல்லை. மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு முப்பத்து நாலு கொஞ்சம்தான்.

அதோடு, கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை உண்டா, அதை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, ராத்திரி குளிரில் முற்றத்தைக் கடந்து போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். மாடி மரப்படிக்கட்டு போட்டோவில் அழகாக இருக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதற்குத் தடுப்பு இருந்தால்தான் தாய்க்குத் தூக்கம் வரும்.

அடுத்து சமையலறை. "கிச்சன் இருக்கு" என்பார்கள். ஒரு அடுப்பும் இரண்டு தட்டும் இருந்தாலும் அது கிச்சன்தான். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோவோம், பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டு ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன், நசுக்கினால் உள்ளே மணல் மாதிரி இருந்தது. ஆகவே குக்கர் அவசியம். எத்தனை லிட்டர் என்று கேளுங்கள், ஒன்பது பேருக்கு மூன்று லிட்டர் குக்கர் எதற்கும் ஆகாது. வாடகை வீட்டுக் குக்கரின் கேஸ்கெட் பெரும்பாலும் தொளதொளத்துக் கிடக்கும், அதனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் குக்கரையே கொண்டுபோகிறேன். கூடவே ஒரு நல்ல கத்தி. சிலிண்டர் வாடகையில் சேர்த்தியா, அசைவம் சமைக்க விடுவார்களா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

தண்ணீர், கரண்ட் பற்றி இரண்டே கேள்விதான். சீசனில் தண்ணீர் லாரியில் வருகிறதா, இருக்கும் தொட்டி ஒன்பது பேருக்குத் தாங்குமா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எதெல்லாம் ஓடும்? விளக்கு எரியும், கீசர் ஓடாது. கேஸ் கீசர் என்றால் அது குளியலறைக்கு வெளியே மாட்டியிருக்க வேண்டும். காற்று வராத குளியலறைக்குள் இருந்தால் விஷவாயு தேங்கும், அந்த வீடே வேண்டாம். குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போனது இதே மலையில் நடந்திருக்கிறது. ராத்திரிக்குக் கூடுதல் ரஜாய் கேட்டு வாங்குங்கள், கரித்தட்டு வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் மன்னவனூரிலிருந்து டவுனுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து வர வேண்டும். ஏரியை ஒட்டியே எடுத்தாலோ, மே மாத ஞாயிற்றுக்கிழமை மூஞ்சிக்கல்லில் நிற்கும் வண்டி வரிசையில் நாமும் நிற்க வேண்டும். எங்களுக்குப் பிடித்தது நாயுடுபுரம் பக்கம். மருந்துக்கடை, பால், ஆஸ்பத்திரி எதற்கும் வெகுதூரம் போக வேண்டாம்.

வேன் பிடித்துப் போகிறவர்கள் இதையும் கேளுங்கள்: டெம்போ டிராவலர் வாசல் வரை வருமா, வந்தால் திரும்ப இடம் இருக்கிறதா, டிரைவர் படுக்க அறை உண்டா? பலரும் டிரைவரை மறந்துவிடுவார்கள். அந்தக் குளிரில் வண்டிக்குள் சுருண்டு கிடந்தவர் மறுநாள் எப்படி மலை இறங்குவார்?

பணம் போடும் முன் ஒரு வீடியோ கால். போட்டோவை நம்பாதீர்கள், ஒரே வீட்டின் போட்டோ மூன்று பெயரில் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ரோட்டிலிருந்து ஆரம்பித்து வாசல், படுக்கையறை, குளியலறை என்று நடந்துகொண்டே காட்டச் சொல்லுங்கள். சுவர் மூலையில் ஈரக்கறை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மெத்தையும் ஈரமாகத்தான் இருக்கும், வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். தங்கவைக்க அனுமதி வாங்கிய வீடா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு அங்கே சீல் வைத்த காலமும் உண்டு. அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் நான் போடுவதில்லை. கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்வேன்.

சொந்த வண்டியோ வாடகை வேனோ, கொடைக்கானலுக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் (ஆன்லைனில் பதிந்து வாங்கும் அனுமதி) வேண்டும். வீடு உறுதியானதும் அதைப் போட்டுவிடுங்கள்.

போன வருடம் நாங்கள் எடுத்த வீட்டுக்கு மூன்றே படி. பச்சை பெயின்ட் அடித்த சாதாரண வீடு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி. பிள்ளைகள் "இதுக்குத்தான் கொடைக்கானல் வந்தோமா" என்று முகம் சுளித்தார்கள். இரண்டாம் நாள் காலை எழுந்தால் அத்தையைக் காணோம். தேடிக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்வெட்டரும் குல்லாவுமாக, தெருமுனையில் மலைப்பூண்டு விற்கும் அம்மாவிடம் கிலோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.