ஜமைக்கா ரம்மும் டைக்கிரியும்: நாங்கள் செய்த தவறுகள்

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த மச்சான், சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜமைக்கா ரம் பாட்டில் கொண்டுவந்தார். ஆல்கஹால் 63 சதவீதம். காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து மூடியைத் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து ஆத்தா எட்டிப் பார்த்து, "ஏப்பா, வாழைத்தார் எங்கயோ அழுகிக் கெடக்கு போல, பாரு" என்றார். மச்சானுக்கு முகம் செத்துப்போச்சு. "கெட்டுப்போன சரக்கைத் தலையில கட்டிட்டான் மாப்ளே" என்று மூடியைத் திருகினார்.

எல்லாரும் செய்யும் முதல் தவறு இதுதான். ஆத்தாவின் மூக்கு சரி, மச்சானின் தீர்ப்புதான் தப்பு. கனிந்து கறுத்த வாழைப்பழம், அன்னாசி, பனம்பழம், பின்னாலேயே நெயில் பாலிஷ் நெடி: இப்படி மணக்கத்தான் அந்த ரம்மைச் செய்கிறார்கள். மொலாசஸை, அதாவது கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகை, ஓரிரு நாளில் புளிக்கவைத்து முடிக்காமல், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விடுவார்கள். முந்தின தடவை வடித்தபின் கொப்பரையில் மிஞ்சிய அடிநீரையும் ஊற்றுவார்கள். அதற்கு டண்டர் என்று பெயர். பழைய மாவை ஒரு கரண்டி புது இட்லி மாவில் கலப்பதுபோல என்று சொல்லலாம். ஆனால் கொதித்துவிட்டதால் இதில் உயிர் இல்லை, புளிப்பு மட்டும்தான். அந்தப் புளிப்பு அமிலங்களும் சாராயமும் சேர்ந்து எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள் ஆகின்றன. அன்னாசி மணம் ஒரு எஸ்டர், வாழைப்பழம் இன்னொன்று, நெயில் பாலிஷ் வேறொன்று. பழைய சோற்று நீராகாரத்தை ரசித்துக் குடிக்கிற நமக்கு இது புரியாமல் போகக் கூடாது.

எஸ்டர் அளவைப் பெருமையாகப் பேசுவது அடுத்த தவறு. ஒரு ஹெக்டோலிட்டர், அதாவது 100 லிட்டர், சுத்த ஆல்கஹாலுக்கு எத்தனை கிராம் என்று அதைக் கணக்கிடுவார்கள். ஜமைக்காவில் உச்சவரம்பு 1600. 1753 முதல் இருக்கும் ஹாம்ப்டன் எஸ்டேட் என்ற வடிசாலையின் டி.ஓ.கே. என்ற ரகம் அந்த வரம்பை ஒட்டியே நிற்கும். அப்படியானால் அதுதான் உசத்தியா? இல்லை. இத்தனை காரமான ரகங்கள் பழைய காலத்தில் ஜெர்மனிக்குப் போய், மணமில்லாத சாராயத்தில் கொஞ்சமாகக் கலக்கப்பட்டவை. பெருங்காயக் கட்டியைக் கடித்துப் பார்த்து யாரும் சாம்பாரை எடைபோடுவதில்லை.

சுவைக்கும் முறையிலும் நாங்கள் சொதப்பினோம். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்து இழுத்தால் ஆல்கஹால் சுருக்கென்று ஏறும், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எந்த வாசனையும் சரியாகத் தெரியாது. கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு முகருங்கள். ஊற்றியதும் பத்து நிமிடம் சும்மா வையுங்கள், முதல் நெடி அடங்கும். தண்ணீர் சேர்த்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். 63 சதவீத ரம் 30 மில்லியில் 10 மில்லி தண்ணீர் விட்டால் 47-க்கு இறங்கும், பழ வாசனை மேலே வரும். மிளகுக் கோழியைச் சாப்பிட்ட வாயோடு மட்டும் ருசி பார்க்காதீர்கள். எரிச்சல்தான் மிஞ்சும்.

டைக்கிரி என்றதும் ஸ்ட்ராபெர்ரி ஐஸ் கூழ்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. கியூபாவில் சாண்டியாகோ பக்கம் உள்ள டைக்கிரி என்ற ஊரின் பெயர் அது. 1890-களின் கடைசியில் அங்கிருந்த சுரங்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ் செய்தது என்று சொல்வார்கள். ரம், எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவே. ஒளிய இடமில்லாத பானம் என்பதால் அளவு தப்பினால் உடனே தெரியும்.

எங்கள் பெரிய தவறு, 63 சதவீத ரம்மை 60 மில்லி அப்படியே ஊற்றியது. கணக்குப் போட்டால் அது நம்மூர் 42.8 சதவீத ரம்மில் 88 மில்லி, கிட்டத்தட்ட மூன்று ஸ்மால். இனிப்பும் புளிப்பும் மறைப்பதால் மோர் மாதிரி இறங்கிவிடும். வெள்ளை ரம் 45 மில்லி, ஜமைக்கா 15 மில்லி போதும். வாசனைக்கு அந்தப் பதினைந்தே தாராளம். ஜமைக்கா மட்டும்தான் வேண்டும் என்றால் 57 சதவீத பாட்டிலில் 45 மில்லியோடு நிறுத்துங்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் இருக்கும் 30 மில்லி எலுமிச்சைச் சாறு, விதையில்லாத பெரிய பச்சை எலுமிச்சைக்கானது. சந்தையில் நாம் வாங்கும் சின்னப் பழம் அதைவிடப் புளிக்கும், 20 மில்லியில் ஆரம்பியுங்கள். அப்போதே பிழியுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு 20 மில்லி. கருப்பட்டிப் பாகு ஊற்றினால் நம்மூர் மணம் வரும் என்று எனக்கு ஆசை, செய்தேன். சேற்று நிறத்தில், பணியாரம் ஊறிய தண்ணீர்போல இருந்தது. ரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெள்ளைச் சர்க்கரைதான் சரி.

ஐஸ் விஷயத்தில் நம் வெயில் மன்னிக்காது. வெளியே எடுத்து வைத்து ஈரமான ஐஸ், குலுக்கும் முன்பே பானத்தை நீர்க்க வைத்துவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராக, பெரிய கட்டிகளாகப் போட்டு, பத்துப் பன்னிரண்டு நொடி பலமாகக் குலுக்கி, குளிரவைத்த கிளாஸில் ஐஸ் இல்லாமல் வடிகட்டுங்கள். ஷேக்கர் இல்லாவிட்டால் திருகுமூடி எவர்சில்வர் பாட்டில் போதும். தூக்குவாளி வேண்டாம், ஆத்தங்குடிக் கல் தரையில் பாதி டைக்கிரியைத் துடைத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மிச்ச ரம்மை வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். எங்கள் பாட்டில் சாமான் அறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் நிற்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆத்தா இன்னமும் வாழைத்தாரைத்தான் தேடுகிறார்.