ஃபார்ச்சூனர் போன்ற பெரிய வண்டி தினசரி ஓட்டத்துக்குச் சரிவருமா? வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஷோரூமிலிருந்து பைபாஸ் வரை போய்த் திரும்பும் பதினைந்து நிமிட டெஸ்ட் டிரைவில் எந்தப் பெரிய எஸ்யூவியும் நன்றாகத்தான் தெரியும். வருடத்தில் நான்கு நாள் கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ போவீர்கள். மீதி நாளெல்லாம் பள்ளிக்கூடம், மார்க்கெட், ஆபீஸ் பார்க்கிங். அந்த மீதி நாட்களை வைத்துத்தான் வண்டியை எடைபோட வேண்டும். இங்கே டொயோட்டா ஃபார்ச்சூனரை வைத்துச் சொல்கிறோம். ஸ்கார்பியோ-என் போன்ற லேடர் ஃபிரேம் (ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும்) வண்டிகளுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

முதலில் வீட்டில் டேப்பை எடுங்கள். ஃபார்ச்சூனர் 4,795 மி.மீ. நீளம், பக்கக் கண்ணாடி சேர்க்காமல் 1,855 மி.மீ. அகலம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு காருக்கான இடம் வழக்கமாக 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அப்படியானால் இரண்டு பக்கமும் சேர்த்தே 64 செ.மீ.தான் மிஞ்சும். 1,917 மி.மீ. அகலமுள்ள ஸ்கார்பியோ-என் என்றால் 58 செ.மீ. பெரியவர் ஒருவர் உடம்பை ஒடுக்காமல் இறங்க ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட 60 செ.மீ. வேண்டும். பக்கத்தில் தூண் இருந்தால், வண்டியை உள்ளே விடும் முன்பே எல்லோரையும் இறக்கிவிட வேண்டியிருக்கும். அடைமழையிலும் அதேதான். மெக்கானிக்கல் பார்க்கிங் உள்ள இடங்களில் உயர வரம்பையும் எடை வரம்பையும் கேளுங்கள். இந்த வண்டி 1.8 மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய இரண்டு டன் எடை.

திரும்பும் ஆரம் 5.8 மீட்டர். அதாவது ஒரே மூச்சில் யூ-டர்ன் அடிக்க 11.6 மீட்டர் வேண்டும். 30 அடித் தெரு 9 மீட்டர்தான், ஒரு முறையாவது ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். டெஸ்ட் டிரைவை உங்கள் தெரு வழியாகக் கேளுங்கள். பார்க்கிங்கில் நீங்களே ரிவர்ஸில் விட்டுப் பாருங்கள்.

அடுத்தது பார்வை. பானெட் உயரம் என்பதால் முன்னால் நிற்கும் குழந்தை தெரியாது. 20 லிட்டர் வாட்டர் கேனை பம்பருக்கு முன் வைத்து, அதன் தலை டிரைவர் சீட்டிலிருந்து தெரியும்வரை தள்ளிக்கொண்டே போய் அந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். வீட்டில் வண்டி ஓட்டுபவர்களில் உயரம் குறைந்தவர்தான் இதைச் செய்ய வேண்டும்.

சொகுசை ஆள் ஏற்றியும் ஏற்றாமலும் பார்க்க வேண்டும். பாரம் தாங்கும் ஸ்பிரிங் காலி வண்டியில் இறுக்கமாக இருக்கும். சிறு குழியிலும் பின்பக்கம் உதறும். ஏழு பேர் ஏறினால் அதே வண்டி அமைதியாகிவிடும். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் இரண்டு பேருடன் என்றால் அந்த உதறலே உங்கள் தினசரி. ஓட்டும் முன் டயர் காற்றை டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுடன் ஒப்பிடுங்கள். நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தாலே உதறல் வேறு மாதிரி தெரியும், தீர்ப்பு தப்பாகும்.

மூன்றாவது வரிசையில் விற்பனையாளரை உட்கார வைக்காதீர்கள், அங்கே உட்காரப் போகிறவரே உட்காரட்டும். தரை உயரமாக இருப்பதால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும்; அரை மணி நேரத்தில் தொடை வலிக்கும். ஃபார்ச்சூனரில் இந்தச் சீட்டுகள் தரைக்குள் மடங்காது, பக்கவாட்டில் தூக்கிக் கட்ட வேண்டும். அதனால் டிக்கியின் அகலம் குறையும், பின் ஜன்னலும் மறையும். வீட்டுப் பெரியவர்களை ஐந்து முறையாவது ஏறி இறங்கச் சொல்லுங்கள். முட்டிவலி உள்ளவருக்கும் புடவை கட்டியவருக்கும் முதல் முறை சிரமம் தெரியாது, நான்காவது முறை தெரியும்.

பலரும் கேட்க மறப்பது டிபிஎஃப் பற்றி. பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இது. சேர்ந்த கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அந்தச் சூடு வராது. எரிப்பு பாதியில் நின்று, மீந்த டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுவது அதன் அடையாளம். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு மேல் சீராக ஓட்ட வழியில்லை என்றால் டீசல் வாங்காதீர்கள்.

ஃபோர் வீல் டிரைவ் தேவையா? வண்டல், சேறு, மணல் உங்கள் வழியில் இல்லையென்றால் வேண்டாம். இது எப்போதும் போட்டு ஓட்டும் அமைப்பு அல்ல. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருளும்; நடுவில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட டிஃபரன்ஷியல் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் எச்4 (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டால் ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும், டயர் தேயும், கியர் பகுதிகள் இறுகும்.

பழைய வண்டி என்றால் மண் தரையில் எச்4 போட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எல்4 (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓட்டும் நிலை) விழுகிறதா என்று பாருங்கள். பல வருடம் போடாமலே விட்டதால் சிக்கிக்கொண்ட வண்டிகள் நிறைய. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி, விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள்.